வருகைப் பதிவேட்டில் விஜயம்மா

1996 ஜூன் மாதத்தில் சுந்தரதாஸ் சாருக்கு வேண்டியிருந்தது பதினைந்து பிள்ளைகள். கையில் இருந்தது பதினான்கு.

பாறசாலையிலிருந்து தெற்கே, தமிழ் எல்லையை முட்டிக்கொண்டு கிடக்கும் கிராமம் ஒன்றில் இருந்த பள்ளிக்கூடம் அது. மலையாளப் பிரிவுக்கு எட்டு அறைகள். தமிழ்ப் பிரிவுக்கு ஒரே ஓர் அறை. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புவரை அந்த அறையின் நான்கு மூலைகளில் உட்கார்ந்திருக்கும். நடுவில் சுந்தரதாஸ் நிற்பார். பள்ளி திறந்து ஆறாம் வேலை நாளன்று தலை எண்ணுவார்கள். எண்ணிக்கை நிறைந்தால் அந்த வருடம் பிழைத்தது. குறைந்தால் ‘டிவிஷன் விழுந்துவிட்டது’ என்பார்கள், ஏதோ மாங்காய் விழுந்ததுபோல. உண்மையில் விழுவது வாத்தியார்தான். அதனால் மே மாத வெயிலில் வாத்தியார்களும் டீச்சர்களும் குடையைப் பிடித்துக்கொண்டு வீடுவீடாகப் பிள்ளை கேட்டு அலைவார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்காவது ஒரு தோரணை உண்டு. இவர்களுக்கு அதுவும் கிடையாது.

சுந்தரதாசுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அப்பா ஊர்க் கிறிஸ்தவ சபையில் மணியடித்தவர். நெய்யாற்றின்கரையில் வாத்தியார் பயிற்சி முடித்த கையோடு வேலை கிடைத்துவிடும் என்று நம்பினார். திருப்புறத்தில் மூன்று மாதம், அதியன்னூரில் ஆறு மாதம் என்று, பிரசவத்துக்குப் போகும் டீச்சர்களுக்குப் பதிலாக நின்றே பதினொரு வருடம் போன பிறகுதான் இந்த அறை கிடைத்தது. அந்தப் பஞ்சாயத்துகளில் ஒரு குழந்தை பிறந்தால் அப்பனுக்கு அடுத்தபடி சந்தோஷப்பட்டவர் இவராகத்தான் இருக்கும்.

அடுத்தவர் வகுப்பில், அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மூன்று மாதத்தில் விட்டுப்போகப் போகிற பிள்ளைகளிடம் என்ன பேசுவது? கரும்பலகையில் ஒரு கிணறு வரைந்தார். கிணற்றுக்கு இரண்டு கால் போட்டார். கையில் ஒரு பை கொடுத்தார். பிள்ளைகள் சிரித்தன. அன்றைக்குப் பிடித்தது அவரை அந்தப் பைத்தியம். அதற்குப் பிறகு அவர் எழுதிய பாட்டுக்கெல்லாம் அர்த்தம் என்று ஒன்று கிடையாது, வரைந்ததற்கும் கிடையாது. கேட்டால் தலையைச் சொறிவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பிடிவாதம் உண்டு. பாட்டில் நடப்பது எவ்வளவு கிறுக்காக இருந்தாலும் ஆளின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிற பெயராக இருக்க வேண்டும். பெயரும் கிறுக்காக இருந்தால் பாட்டு நொண்டும் என்பார். கல்யாணப் பத்திரிகை, சங்கத் தேர்தல் நோட்டீஸ், கல்லறைத் தோட்டத்துப் பலகை என்று எங்கே கண்டாலும் பெயரைக் குறித்துக்கொள்வார். அப்படிப் பொறுக்கியெடுத்துச் செய்தவள்தான் விஜயம்மா. பரட்டைத் தலை, ஒரு பாதம் முன்பக்கம் திரும்பி, ஒரு பாதம் பின்பக்கம் திரும்பி. வகுப்பறைச் சுவரில் கரியாலும் சுண்ணாம்பாலும் அவளை ஆள் உயரத்துக்கு வரைந்து வைத்திருந்தார்.

தங்கப்பன் மகள் விஜயம்மா
சங்குக்குள்ளே பாய் விரிச்சா;
ரயிலைக் கூப்பிட்டு உட்கார வெச்சு
ரெண்டு மரச்சீனி அவிச்சு வெச்சா.

குடைக்குக் காய்ச்சல் வந்ததென்று
கொட்டும் மழையில் நனைஞ்சு போனா;
கடைக்குப் போன கிணறு வீடு
திரும்பியாச்சான்னு கேட்டு வந்தா.

மூன்றாவது கண்ணி கேள்வியும் பதிலும். மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டுப் பிள்ளைகள் தூக்கத்தில் சாமியாடத் தொடங்கும்போது சார் உரக்கக் கேட்பார்: “எங்கே போனா விஜயம்மா?” தூங்கிக்கொண்டிருந்ததுகூடத் துள்ளி எழுந்து நிற்கும்.

இடது காதில் ஏறிப் போனா;
நாளைக்கென்று வெச்ச வெயிலை
நாலு மூட்டை கட்டப் போனா!

சென்னைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பார்த்தார். ‘குழந்தைகளுக்கு நீதி தேவை’ என்று ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது. மனுஷர் விடவில்லை. கடைசியில் ‘ஆகையால் கிணறு கடைக்குப் போகக் கூடாது’ என்று ஒரு நீதியைச் சேர்த்து மறுபடி அனுப்பினார். அதற்குப் பதிலே வரவில்லை. திருவனந்தபுரத்துக்காரர்கள் தமிழ் என்று ஒதுக்கினார்கள். சபையில் வருஷக் கொண்டாட்ட மலருக்குக் கொடுத்தார். கமிட்டியில் படித்துவிட்டு, ‘சார் உடம்புக்கு ஒன்றுமில்லையே’ என்று விசாரித்தார்கள். பாறசாலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்றில் ஸ்டென்சில் வெட்டி, சொந்தமாக நாற்பது பிரதி எடுத்துத் தைத்தார். அதில் முப்பத்தெட்டு, வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது.

ஆக, சுந்தரதாஸ் எழுதியதைத் தமிழில் கேட்டுச் சிரிக்க உலகத்திலேயே இருந்தது அந்த ஓர் அறை. வேலை போனால் கஷ்டம்தான். ஆனால் அவரைத் தின்றது அந்தக் கவலை இல்லை. அந்த அறை போய்விட்டால் தன்னால் யாருக்கும் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் மறுபடியும் உடம்பு விசாரிப்பார்கள்.

பள்ளி திறந்த அன்று பதினைந்து இருந்தது. நாலாம் நாள் ஷிஜு வரவில்லை. இரண்டாம் வகுப்புப் பையன். சாயங்காலமே அவன் வீட்டுக்கு ஓடினார். அப்பன் சத்தியராஜ், பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவன், நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“இரிங்க சாரே. சாயா குடிச்சிட்டுப் பேசுவோம்.”

“சாயா வேண்டாம் மக்கா. திங்கக்கெழம வரைக்கும் பயல அனுப்பித் தா. ஆறாம் நாளு எண்ணிட்டுப் போட்டும். பொறவு நீ எஞ்ச வேணும்னாலும் சேத்துக்கோ.”

“இங்கிலீஷ் மீடியத்துல சேத்தாச்சு சாரே. வேன் காலத்த ஏழரைக்கு வாசல்ல வரும். யூனிபாரம் தச்சாச்சு.” சத்தியராஜ் கொஞ்சம் தயங்கினான். “தப்பா நெனைக்கப்படாது. எனக்க பயலு ஒறக்கத்துல சிரிக்கியான். என்னலேன்னு கேட்டா கெணறு கடைக்குப் போச்சுன்னு சொல்லுதான். நாளைக்கு இவன் ஒரு வேலைக்குப் பரீட்ச எழுதப் போனா, கெணறு எந்தக் கடைக்குப் போச்சுன்னா கேப்பாவ?”

சுந்தரதாஸ் நாற்காலியின் நுனிக்கு வந்தார். இருபது வருடமாக யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னார்.

“பாட்டுதான் கேடுன்னா பாட்ட நிறுத்துதேன் மக்கா. இனி ஒரு வரி சொல்ல மாட்டேன், படமும் வரைய மாட்டேன். சத்தியமாக்கும்.”

சத்தியராஜ் பதறிப்போனான். “அய்யோ, அது நீங்க எனக்கிட்ட சொல்லப்படாது சாரே,” என்று சொல்லித் தரையைப் பார்த்தான். நல்லவன்தான். ஆனால் தரையைப் பார்த்தவன் தலையாட்டவில்லை. உள்ளே ஷிஜு சட்டை போடாத வெற்று உடம்பில் புது டையை மட்டும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். சாரைப் பார்த்து இளித்தான். சுந்தரதாசும் சிரித்துவிட்டு வெளியே வந்தார். ஒரு பிள்ளைக்காகத் தன் பாட்டையே காலில் போட்டு மிதிக்கத் தயாரானோமே, அதற்கும் விலை போகவில்லையே என்று வழி முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஜூன் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, ஆறாம் நாள். மழை ஊற்றியது. ஹெட்மாஸ்டர் பரமசிவன் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். எறும்புக்கு உதவியும் செய்யாதவர்.

“எத்தற வேய்?”

“பதினாலு சாரே.”

“பதினஞ்சு வேணுமே.” மழையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “சில ஸ்கூல்ல ஒண்ணு ரெண்டு பேரு கூட்டித்தான் எழுதுதாவன்னு கேள்வி. நான் உம்மட்ட ஒண்ணும் சொல்லேல்ல, கேட்டீரா. ரெஜிஸ்டர் உம்ம கையிலயாக்கும் இருக்கு. பதினோரு மணிக்கு நான் பிள்ளைகளுக்க எண்ணம் அனுப்பணும்.”

சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டார். கை கழுவுவதென்றால் இவரிடம்தான் படிக்க வேண்டும்.

சுந்தரதாஸ் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மூச்சில் ஐம்பது பெயர் உண்டாக்குகிற மனுஷனுக்கு அன்று ஒரு பெயர் ஓடவில்லை. பிரசீதா என்று எழுதலாமா? அந்தப் பெயரில் பக்கத்து வீட்டில் ஒரு பெண் குழந்தை உண்டு. அமிர்தா? சுகுமாரி டீச்சரின் மலையாள வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். எந்தப் பெயரை எடுத்தாலும் அதன் பின்னால் ஒரு நிஜக் குழந்தை வந்து நின்றது. நிஜக் குழந்தையை இந்தத் திருட்டில் இழுத்துவிட அவருக்குக் கை வரவில்லை. பத்தே முக்கால் ஆயிற்று. கை தானாக எழுதியது: விஜயம்மா. தகப்பன் பெயர், தங்கப்பன். பிறந்த தேதி என்ற கட்டத்தில் அவளை முதன்முதலில் வரைந்த நாளைப் போட்டார்: 14-11-1990. கணக்குப் பார்த்தால் ஐந்து வயது ஏழு மாதம். ஒன்றாம் வகுப்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

ஒரு நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறு நிமிஷம் அது போயிற்று. பாட்டில் விஜயம்மாவை யாரும் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. இங்கே அரசாங்கம் நம்ப வேண்டும். முதுகுக்குப் பின்னால் சுவரில் அவளே ஆள் உயரத்துக்கு நின்றாள். அது அவருக்கு உறைக்காமல் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் பெரியவர்கள் ஒருவர்கூட அந்தச் சுவரை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அதுதான் அவருக்கு இருந்த ஒரே தைரியம்.

எண்ணிக்கை போயிற்று. டிவிஷன் பிழைத்தது.

பிழைத்தது டிவிஷன் மட்டும்தான். சார் பிழைக்கவில்லை. தினமும் காலையில் பதினான்கு பெயரைக் கூப்பிட்டுவிட்டு, பதினைந்தாவதைக் கூப்பிடாமல் சத்தமில்லாமல் அடையாளம் போடுவார். சந்தேகம் வராமலிருக்க வாரத்தில் ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் கொடுப்பார். வெளியே ஜீப் சத்தம் கேட்டால் பதிவேட்டை மூடி மேசைக்குள் தள்ளுவார். பிள்ளைகள் புதுப் பாட்டுக் கேட்டன. நாளைக்கு, நாளைக்கு என்றார். சாயங்காலம் வீட்டில் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். விஜயம்மா என்று எழுதினால் அடுத்து வருவது வகுப்பும் பிறந்த தேதியும்தான். அவளை ரயிலில் ஏற்றவோ சங்கில் படுக்க வைக்கவோ முடியவில்லை. பேனாவை மூடிவிட்டுச் சும்மா இருப்பார்.

ஜூலை மூன்றாவது வாரத்தில் ஜீப் வந்தேவிட்டது. முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பிள்ளைகளை எண்ணும் அதிகாரி. நரைத்த தலை, தடித்த கண்ணாடி, மெதுவான பேச்சு. பரமசிவன் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டார். அதிகாரி பிள்ளைகளைப் பார்த்து மலையாளத்தில் “இருந்நோளூ மக்களே” என்று உட்காரச் சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். பதினான்கும் எழுந்து நின்று உட்கார்ந்தன.

“விஜயம்மா.”

வகுப்பில் ஒரு சலசலப்பு. யாரோ கிளுக்கென்று சிரித்தது. ‘காய்ச்சல்’ என்று சொல்லச் சுந்தரதாஸ் வாயைத் திறந்தார். அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார், சிரித்த முகமாக.

“விஜயம்மா எவிடெப் போயி?”

இந்தப் பிள்ளைகளுக்கு மலையாளமும் தமிழும் ஒன்றுதான். எங்கே போனாள் என்று கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதத்துக்கு மேலாக யாரும் கேட்காமல் இருந்த கேள்வி வேறு. பதினான்கும் ஒன்றாக எழுந்து நின்றன.

“இடது காதில் ஏறிப் போனா! நாளைக்கென்று வெச்ச வெயிலை நாலு மூட்டை கட்டப் போனா!”

மூன்றாம் வகுப்பு ஜீனா அத்தோடு நிற்கவில்லை. ஓடிப்போய்ச் சுவரைத் தொட்டுக் காட்டினாள். “இன்னா நிக்கியா சார் விஜயம்மா. இவளுக்கு ஒரு காலு பொறத்தோட்டாக்கும்.”

அதிகாரி சுவரைப் பார்த்தார். பரட்டைத் தலையைப் பார்த்தார், திரும்பிய பாதத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை. தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ‘சார் வரச்சதாணோ?’ என்று படத்தைக் காட்டிக் கேட்டார். சுந்தரதாஸ் தலையாட்டினார். ‘நன்னாயிட்டுண்டு’ என்றார் அதிகாரி.

சுந்தரதாஸ் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து காத்திருந்தது அந்தச் சிரிப்புக்கு. வளர்ந்த மனுஷன் ஒருவன் அவருடைய பாட்டுக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்த நிலையிலும் அவருக்கு உடம்பு புல்லரித்தது. அதை நினைத்துப் பிற்பாடு தன்னைத்தானே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டார். அதிகாரி கண்ணாடியை மாட்டினார். பதிவேட்டில் விஜயம்மா, தகப்பன் பெயர் தங்கப்பன் என்று இருந்ததை மறுபடி ஒருமுறை வாசித்தார். சிரிப்பு மெல்ல மெல்லப் போயிற்று. பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். பரமசிவன் வாசலில் நின்றபடியே, இந்தப் பதிவேடு முழுக்க வகுப்பு வாத்தியாரின் பொறுப்பு என்று விளக்கினார்.

அன்று சாயங்காலம் மனைவி ராஜபாய் அண்டியாபீஸிலிருந்து வந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்த கையைக்கூடக் கழுவாமல் நின்றபடியே கேட்டாள். அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம்.

“பேரு வேற ஒண்ணும் கெடைக்கலியா உங்களுக்கு? ஆயிரம் பேரு உண்டாக்கின மனுஷன் இல்லியா?”

“மத்ததெல்லாம் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையாக்கும் ராஜபாய். இவ ஒருத்திதான் எனக்க பிள்ள.”

ராஜபாய் போய்க் கையைக் கழுவினாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பட்டினி ஒண்ணும் கெடக்க மாட்டோம். எனக்கு வேல உண்டு. நீங்க வீட்டுல இருந்து எழுதுங்க.”

“ஆருக்கு எழுத?”

அவளுக்கு அந்தப் பாட்டுகளைக் கேட்டு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. எனக்கு எழுதுங்க என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் உத்தரவு வந்தது. தமிழ்ப் பிரிவு ஜூன் பத்தாம் தேதியிலிருந்தே இல்லாததாயிற்று. வாத்தியாருக்கு வேலை இல்லை. பிள்ளைகளில் ஒன்பது பேரை அதே பள்ளியில் மலையாளப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். மற்ற ஐந்து பேரின் அப்பன்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் கேட்டு நின்றார்கள். நல்லவேளை, அவர்களாவது தமிழ் படிப்பார்கள் என்று சுந்தரதாஸ் நினைத்தார். ஆனால் அங்குள்ள வாத்தியார் கிணற்றுக்குக் கால் வரையப் போவதில்லை.

கடைசி நாள் பரமசிவன் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பெயரையும் அடித்து, எதிரே நீக்கிய காரணத்தை வகுப்பு வாத்தியாரே எழுத வேண்டும். பதினான்கு பெயருக்கும் எழுதினார். பேனா பதினைந்தாவதில் நின்றது.

“‘இப்படி ஒரு குழந்தை இல்லை.’ உத்தரவுல அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கு,” என்றார் பரமசிவன்.

“சாரே, ஊரு மாறிப் போச்சுன்னு எழுதட்டா?”

“எந்த ஊருக்கு வேய்? எனக்கு இனி ஒரு வம்பு வேண்டாம். உள்ளத எழுதி ஒப்புப் போட்டுத் தாரும்.”

சுந்தரதாசுக்கு அந்த ஐந்து வயதுப் பெண்ணை எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தது. தப்புச் செய்தது அவர். அவள் ஏன் இல்லாமல் போக வேண்டும்? கேட்டால் யாருக்குப் புரியும்? எழுதினார். எப்போதும்போலக் குண்டு குண்டான எழுத்து, கரும்பலகையில் எழுதிப் பழகிய எழுத்து. கையொப்பம் போட்டார். பரமசிவன் மை காய ஊதிவிட்டுத் தன் அறையில் முத்திரையை எடுத்து வரப் போனார்.

தோளுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. ஜீனா. சிலேட்டும் பையுமாக மலையாளப் பிரிவுக்குப் போகக் கிளம்பி நின்றாள்.

“சார், விஜயம்மாவ எந்தக் கிளாசுக்கு மாத்துதிய?”

அவர் பதில் சொல்வதற்குள் அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை. வாசிக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரல் வைத்து, அவர் சொல்லிக் கொடுத்தபடியே உரக்க வாசித்தாள்.

“இப்படி... ஒரு... குழந்தை... இல்லை.”

இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். இதுவும் பாட்டாக இருக்கும் என்று அவளுக்கு எண்ணம்.

“சும்மா சொல்லுதிய.”

“இல்ல மக்கா. உள்ளதாக்கும்.”

“அப்போ எங்கக்கிட்ட சொன்னதெல்லாம் பொய்யா சார்?”

பொய் இல்லை மக்கா, பாட்டாக இருந்தவரைக்கும் அது பொய்யே இல்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. பதிவேடு திறந்து கிடந்தது, அவருடைய கையொப்பத்தோடு. ஜீனா கொஞ்ச நேரம் காத்து நின்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிலேட்டை நெஞ்சோடு அணைத்தபடி முற்றத்தைக் கடந்து போனாள். எதிர் வராந்தாவில் சுகுமாரி டீச்சர் நின்று எத்தனாம் வகுப்பு என்று கேட்டாள். ஜீனா மலையாளத்தில் பதில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.